பனிக்கட்டி உருகும்போது துகளுக்கு என்ன ஆகிறது?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. ஒரு பொருள் திண்மத்திலிருந்து திரவமாகவும், திரவத்திலிருந்து வாயுவாகவும் மாறும்போது அதன் துகள்களும் உருகுகின்றனவா, பெரிதாகின்றனவா? அடுப்பு எரிந்துகொண்டே இருக்க, கொதிக்கும் தண்ணீரில் வைத்த வெப்பமானி 100 டிகிரியைத் தாண்ட மறுக்கிறதே, அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது? தண்ணீர் 100 டிகிரியில்தான் ஆவியாகும் என்றால், துடைத்துவிட்ட தரை 30 டிகிரியில் எப்படிக் காய்கிறது?

முதல் பகுதிக்கு நேரடிப் பதில்: இல்லை. பனிக்கட்டியில் இருப்பதும் நீர் மூலக்கூறுதான், தண்ணீரில் இருப்பதும் அதேதான், நீராவியில் இருப்பதும் அதேதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், ஒரு ஆக்சிஜன் அணு. எடையில் துளி மாற்றம் கிடையாது. உருகுவது, கொதிப்பது, கெட்டியாக நிற்பது, வழிந்து ஓடுவது எல்லாமே கூட்டத்தின் குணங்கள். ஒரே ஒரு மூலக்கூறைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு 'இது திரவமா, வாயுவா?' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. சூடாக்கினால் இரும்புக் கம்பி நீள்கிறதே, அப்படியென்றால் இரும்பு அணுவும் பெருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அணு பெருப்பதில்லை. அதிர்வு கூடுவதால் அணுக்களுக்கு இடையிலான சராசரித் தூரம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

சரி, துகள் மாறவில்லை என்றால் வேறு எது மாறுகிறது? இங்கே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, துகள் எவ்வளவு வேகமாக ஆடுகிறது, ஓடுகிறது என்பது. இன்னொன்று, பக்கத்துத் துகள்களோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பது. வெப்பமானி காட்டுவது முதலாவதை மட்டும். ஒரு பொருள் திண்மமா, திரவமா, வாயுவா என்பதை முடிவு செய்வது இவை இரண்டுக்கும் நடக்கும் போட்டி. நாம் கொடுக்கும் வெப்பம் வேகத்தைக் கூட்டவும் செலவாகலாம், பிணைப்பைத் தளர்த்தவும் செலவாகலாம். நிலை மாறும் நேரத்தில் கிட்டத்தட்ட மொத்தமும் இரண்டாவது வேலைக்குப் போய்விடுகிறது.

பாடப்புத்தகத்தில் வரும் மூன்று பெட்டிப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். திண்மப் பெட்டியில் உருண்டைகள் ஒட்டி நிற்கும், திரவப் பெட்டியில் கொஞ்சம் விலகி இருக்கும், வாயுப் பெட்டியில் நன்றாக விலகி இருக்கும். நடுப்பெட்டி தவறாக மனதில் பதிந்துவிடுகிறது என்பது என் கருத்து. திரவத்தில் துகள்கள் திண்மத்தில் இருப்பது போலவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. உலோகங்கள் பெரும்பாலும் உருகும்போது சில சதவீதம்தான் விரிகின்றன. தண்ணீரோ தலைகீழ்: பனிக்கட்டி உருகினால் கன அளவு சுமார் 8 சதவீதம் குறைகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் (ஒன்றின் ஹைட்ரஜனுக்கும் இன்னொன்றின் ஆக்சிஜனுக்கும் இடையிலான ஈர்ப்பில்) இருக்கிறது. அந்தப் பிணைப்புகளின் கோணம் காரணமாக நடுவே வெற்றிடம் விட்டுத்தான் அடுக்க முடிகிறது. உருகியதும் அந்த அடுக்கு குலைந்து, மூலக்கூறுகள் இன்னும் நெருங்கிக்கொள்கின்றன. பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பது இதனால்தான்.

ஆக, திண்மம் திரவமாகும்போது முக்கியமாக மாறுவது தூரம் அல்ல. இடம் மாறும் சுதந்திரம். திண்மத்தில் துகள் தன் இடத்திலேயே நின்று அதிரும். அண்டை வீட்டுக்காரர் யார் என்பது பெரும்பாலும் மாறாது. திரவத்தில் நெருக்கம் அப்படியே இருக்கும், அண்டை வீட்டுக்காரர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு நீடிப்பது ஏறத்தாழ ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான். அது அறுந்த உடனேயே மூலக்கூறு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். தூரம் உண்மையிலேயே எகிறுவது அடுத்த கட்டத்தில். 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது கன அளவு சுமார் 1,600 மடங்காகிறது. 1,600-க்குக் கனமூலம் எடுத்தால் 12-க்குச் சற்றுக் குறைவு. அதாவது திரவத்தில் ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் இருந்த மூலக்கூறுகள், ஆவியில் சராசரியாக மூன்றரை நானோமீட்டருக்கு மேல் விலகிவிடுகின்றன. அந்த இடைவெளியில் காற்று இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அங்கே எதுவுமே இல்லை.

இனி இரண்டாவது பகுதி. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கிலோ பனிக்கட்டியை எடுத்துக்கொள்வோம். 1000 வாட் ஹீட்டர் ஒன்றின் வெப்பம் சிதறாமல் அத்தனையும் அதற்குள்ளேயே இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் 21 விநாடியில் பனிக்கட்டி பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிடும். இந்த நேரத்தில் அதிர்வு கூடுகிறது, அடுக்கு அப்படியே இருக்கிறது. இந்த அதிர்வின் வீச்சு அணுக்களுக்கு இடையிலான தூரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும்போது படிகம் தாங்காது என்று 1910-இல் ஃபிரெடரிக் லிண்டமன் ஒரு விதி சொன்னார். துல்லியமான கணக்கு அல்ல, கைக்கணக்கு. ஆனாலும் பல பொருள்களுக்கு ஓரளவு பொருந்தி வருகிறது. உருகல் தொடங்குவது நடுவில் அல்ல, மேற்பரப்பில். அங்கே இருக்கும் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் முதலில் தளர்வது அதுதான். பனிக்கட்டியின் மேல் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஐந்தரை நிமிடம் வெப்பமானி நகராது. சரியாகச் சொன்னால் 334 விநாடி, ஏனென்றால் ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். ஹீட்டர் நிற்கவில்லை, ஆனால் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கிறது. ஏன்? உருகிய தண்ணீரில் சில மூலக்கூறுகள் கொஞ்சம் கூடுதல் வேகம் பெறுகின்றன. அவை பனிக்கட்டியின் ஓரத்தில் மோதுகின்றன, அங்கே ஒரு மூலக்கூறைப் பிடுங்கி விடுகின்றன, அந்த வேலையில் தங்கள் கூடுதல் வேகத்தை இழக்கின்றன. குழியில் கிடக்கும் பந்தை மேலே ஏற்றும்போது நம் உழைப்பு பந்தின் உயரமாகச் சேர்கிறதே தவிர வேகமாகச் சேர்வதில்லை, அது மாதிரி. துகள்களின் ஈர்ப்பு அந்தக் குழி, நிலை ஆற்றல் அந்த உயரம். பனிக்கட்டி மிச்சமிருக்கும் வரை எந்தக் கூடுதல் வேகமும் இப்படியே செலவாகிவிடும். (கலக்காமல் அடியில் மட்டும் வேகமாகச் சூடாக்கினால் அடித் தண்ணீர் பூஜ்ஜியத்தைத் தாண்டத்தான் செய்யும். ஆய்வகத்தில் கலக்கியைச் சுற்றிக்கொண்டே இருக்கச் சொல்வது சும்மா இல்லை.)

பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியிலும், அதே பூஜ்ஜியத்தில் இருக்கும் தண்ணீரிலும் மூலக்கூறுகளின் சராசரி வேகம் ஒன்றுதான், விநாடிக்குச் சுமார் 570 மீட்டர். திண்மத்தில் அசையாமல் கிடக்கும், திரவத்தில் மெதுவாக நகரும், வாயுவில் பறக்கும் என்று நினைத்திருந்தால் இதை நம்புவது கஷ்டம். பனிக்கட்டியில் அந்த வேகம் முன்னும் பின்னும் ஆடுவதிலேயே கழிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பனிக்கட்டி தீர்ந்ததும் வெப்பமானி மறுபடி ஏறும். பூஜ்ஜியத்திலிருந்து 100-க்குப் போகச் சுமார் 7 நிமிடம். இவ்வளவு சூடாக்கியும் மூலக்கூறின் சராசரி வேகம் 570-லிருந்து 660 மீட்டருக்குத்தான் வருகிறது, ஆறில் ஒரு பங்கு கூடுதல். வேகம் தனி வெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்ஜியமாக வைத்து கெல்வினில் எண்ணுவது) வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 273 கெல்வினுக்கும் 373 கெல்வினுக்கும் உள்ள வித்தியாசம் வர்க்கமூலத்தில் சுருங்கிவிடுகிறது.

அப்புறம் வருவதுதான் பெரிய நிறுத்தம். ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2,257 ஜூல். நம் ஹீட்டருக்கு 37 நிமிடத்துக்கு மேல் வேலை. உருகுவதற்கு ஆனதைப் போல கிட்டத்தட்ட ஏழு மடங்கு. காரணம் மேலே சொன்னதிலேயே இருக்கிறது: உருகும்போது பிணைப்புகள் தளர்கின்றன, ஆவியாகும்போது அநேகமாக எல்லாமே அறுகின்றன. பனிக்கட்டியின் மூலக்கூறுகளை முழுவதுமாகப் பிரிக்க ஆகும் ஆற்றலில் எட்டில் ஒரு பங்குகூட உருகுவதற்குத் தேவைப்படுவதில்லை. திரவம் என்பது வாயுவை விடத் திண்மத்துக்கே நெருங்கிய உறவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அந்த 2,257-லும் முழுவதும் பிணைப்பை அறுக்கப் போவதில்லை. சுமார் 170 ஜூல், 1,600 மடங்கு விரியும் ஆவி வெளிக்காற்றைத் தள்ளி இடம் பிடிக்கும் வேலைக்குப் போகிறது.

இந்தக் காணாமல் போகும் வெப்பத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஜோசப் பிளாக், 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில். அதுவரை, உருகுநிலைக்கு வந்துவிட்ட பனிக்கு இன்னும் ஒரு துளி வெப்பம் கொடுத்தால் மொத்தமும் தண்ணீராகிவிடும் என்றுதான் பொதுவாக நம்பினார்கள். அப்படி இருந்தால் குளிர்காலம் முடியும் நாளில் மலைப்பனி முழுவதும் ஒரே நேரத்தில் உருகி வெள்ளக்காடாகியிருக்குமே, பனி வாரக்கணக்கில் மெதுவாகத்தானே உருகுகிறது என்று பிளாக் கேட்டார். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட், கொஞ்சம் நீராவி அதைப் போல ஆறு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைப் பார்த்து வியந்து பிளாக்கிடம் போய்க் கேட்டார். விடை இதுதான்: பிணைப்பை அறுக்கக் கொடுத்த ஆற்றல், மறுபடி பிணையும்போது அப்படியே திரும்ப வருகிறது.

நீராவி பட்டால் கொதிநீரை விட மோசமாகச் சுடுவதும் இதனால்தான். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் உடல் வெப்பநிலைக்கு ஆறினால் தோலுக்குக் கொடுப்பது சுமார் 260 ஜூல். அதே ஒரு கிராம் ஆவியாக இருந்தால், முதலில் தோலின் மேல் நீராகும்போதே 2,257 ஜூலைக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் அந்த 260-க்கு வரும். வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கெட்டில் மூக்கிலிருந்து வரும் வெள்ளைப் புகை நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்கை ஒட்டி ஒன்றும் இல்லாதது போல் தெரிகிற அந்தச் சின்ன இடைவெளிதான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து உண்டான நுண்துளிகள். கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த 'காலி' இடத்தில்தான் சுட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது பகுதி, தரை காய்வது. இதுவரை சராசரி வேகம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சராசரிக்குப் பின்னால் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஒரே தண்ணீரில் சில மூலக்கூறுகள் தவழும், சில சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் பாயும். மேற்பரப்பில் இருக்கும் ஒன்று, மேல்நோக்கிய திசையில், போதுமான வேகத்தோடு இருந்தால் பிணைப்புகளை அறுத்துக்கொண்டு வெளியேறிவிடும். அதற்கு 100 டிகிரி தேவையில்லை. 30 டிகிரியிலும் நடக்கும், 5 டிகிரியிலும் நடக்கும், வேகமாகவா மெதுவாகவா என்பதுதான் வித்தியாசம். வேகமானவை வெளியேறிவிடுவதால் மிச்சமிருப்பவற்றின் சராசரி குறைகிறது, தண்ணீர் குளிர்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பதன் கணக்கு இது.

மூடிய பாத்திரத்தில் 25 டிகிரியில் அசையாமல் கிடக்கும் தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். ஆவியிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டரில் விநாடிக்கு வந்து மோதும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 22 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண். அந்தச் சதுர சென்டிமீட்டரில் நிற்க இடமுள்ள மூலக்கூறுகளோ 1-க்குப் பின்னால் 15 பூஜ்ஜியம்தான். அதாவது மேல் அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு இடத்தின் மேலும் விநாடிக்கு ஒரு கோடி மோதல். உள்ளே வந்து ஒட்டிக்கொள்வது எவ்வளவோ அவ்வளவும் வெளியேறிக்கொண்டும் இருக்கிறது; இரண்டும் சமமாக இருப்பதால் நமக்கு ஒன்றுமே நடக்காதது போல் தெரிகிறது. மூடியைத் திறந்தால் வெளியேறுவது மாறாது, திரும்பி வருவது குறையும். தண்ணீர் வற்றுவது இப்படித்தான். காற்று வீசினால் ஈரம் சீக்கிரம் காய்வதும், காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் காயாமல் கிடப்பதும் திரும்பி வருபவற்றின் கணக்கில் அடங்கிவிடும்.

உருகலுக்கும் இதே இருவழிப் போக்குவரத்து உண்டு. பூஜ்ஜியம் டிகிரியில் பனிக்கட்டியிலிருந்து பிரிந்து போகும் மூலக்கூறுகளும் வந்து சேரும் மூலக்கூறுகளும் சமம். உப்பைப் போட்டால் தண்ணீர்ப் பக்கத்தில் சில இடங்களை உப்பின் அயனிகள் பிடித்துக்கொள்ளும், வந்து சேர்வது குறையும், பிரிந்து போவது அப்படியே தொடரும். பனிக்கட்டி உருகுகிறது. சமநிலை திரும்ப வேண்டுமானால் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். பனி பெய்யும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுவது இதற்காக.

அப்படியானால் கொதிப்பது எந்த வகையில் வேறு? ஆவியாதல் மேற்பரப்பில் நடப்பது. கொதித்தல் திரவத்தின் உள்ளேயே ஆவிக் குமிழி உருவாகி நிற்பது. உள்ளே ஒரு குமிழி நசுங்காமல் இருக்க வேண்டுமானால், அதற்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தத்துக்கு ஈடாக வேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீருக்கு அது நடப்பது 100 டிகிரியில். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான், அங்கே சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவையில் அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரே கொதிக்கும், தொட்டால் சுடாது. ஆக 100 என்பது தண்ணீரின் குணம் மட்டும் அல்ல, நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது. குமிழிகளைப் பற்றி ஒரு திருத்தம்: சூடாக்கத் தொடங்கியதும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சின்னக் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பிற்பாடு அடியிலிருந்து பெரிதாகப் புரண்டு வருபவை நீராவி. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வருகின்றன என்று எழுதும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். மூலக்கூறை உடைக்கும் அளவுக்கு ஆற்றல் 100 டிகிரியில் இல்லை.

திரும்பி வரும் பாதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருக ஆரம்பிக்க மேற்பரப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. உறைய ஆரம்பிக்க அப்படி ஒன்றும் இல்லை. கலைந்து ஓடிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளில் ஒரு சிறு கூட்டம் தற்செயலாகச் சரியான அடுக்கில் அமைய வேண்டும், அது கலைவதற்குள் வளர வேண்டும். தூசியோ கீறலோ இருந்தால் அதன் மேல் அடுக்கு எளிதாகத் தொடங்கிவிடும். சுத்தமான மிகச் சிறு நீர்த்துளிகள் மைனஸ் 35 டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் மேகங்களில் மிதப்பதுண்டு. கையில் வைத்து அழுத்தினால் சூடாகும் சோடியம் அசிடேட் பைகளும் இந்த வகைதான். 58 டிகிரியில் உறைந்திருக்க வேண்டிய கரைசல் அறை வெப்பநிலையிலும் திரவமாகவே காத்திருக்கிறது. உள்ளே இருக்கும் தகட்டைச் சொடுக்கினால் படிகம் தொடங்குகிறது, பிணைப்பு ஆற்றல் வெளியே வருகிறது, கை சுடுகிறது. உறைவது என்றால் குளிர்வது என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்தப் பையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்கு மேலே சொன்ன நிறுத்தம் எதுவும் பொருந்தாது. அதன் துகள்கள் திண்மத்திலும் ஒழுங்கில்லாமல்தான் இருக்கின்றன. குலைய அடுக்கே இல்லாததால் வெப்பமானி எங்கும் நிற்காமல் ஏற, கண்ணாடி மெல்ல இளகிக்கொண்டே போகும்.

இடையில் திரவமே இல்லாமல் திண்மம் நேரே வாயுவாவதும் அழுத்தத்தின் விளையாட்டுதான். கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்க வேண்டுமானால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 5 மடங்குக்கு மேல் வேண்டும். நம் சாதாரண அழுத்தத்தில் அது மைனஸ் 78.5 டிகிரியில் அடுக்கிலிருந்து நேரடியாகப் பறந்துவிடுகிறது. திரவம் என்ற நிலை எல்லாப் பொருளுக்கும் எங்கேயும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. திரவம் நிலைத்திருக்க, துகள்களை நெருக்கமாக வைத்திருக்கும் அளவுக்கு வெளியிலிருந்து அமுக்கம் வேண்டும்.

மறுமுனையிலும் ஒரு எல்லை உண்டு. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தண்ணீரின் கொதிநிலை ஏறும், ஆவி அடர்த்தியாகும், திரவம் விரிந்து லேசாகும். இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி வருகின்றன. அதனால் ஆவியாக்க ஆகும் வெப்பமும் குறைந்துகொண்டே வருகிறது: 100 டிகிரியில் 2,257 ஜூல், 200-இல் சுமார் 1,940, 300-இல் சுமார் 1,400. 374 டிகிரியில், வளிமண்டலத்தைப் போல 218 மடங்கு அழுத்தத்தில், அது பூஜ்ஜியமாகிவிடுகிறது. அங்கே திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே கோடே கிடையாது. அறுக்க வேண்டிய பிணைப்பின் கணக்கு இரு பக்கமும் ஒன்றாகிவிடுகிறது. பெரிய அனல் மின் நிலையங்கள் பலவற்றில் கொதிகலன் இந்த எல்லைக்கு மேல்தான் இயங்குகிறது. அவற்றில் தண்ணீர் கொதிப்பதில்லை, குமிழி வருவதில்லை. அதனால் பழைய கொதிகலன்களில் தண்ணீரையும் ஆவியையும் பிரிக்க வைத்திருந்த டிரம் இவற்றுக்குத் தேவைப்படுவதும் இல்லை. ஒரு முனையில் தண்ணீராக நுழைவது, எந்த இடத்தில் மாறியது என்று சுட்டிக்காட்ட முடியாமலே மறுமுனையில் ஆவியாக வந்து டர்பைனைச் சுற்றுகிறது.